பாய்லர் குடியிருக்கும் வீடு

கோலார் தங்கவயல்
6-9-1931

என் அன்புள்ள தம்பி தேவசகாயத்துக்கு அக்காள் அமிர்தவள்ளி ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். உன் சுகத்துக்கும் உன் வீட்டுக்காரி சுந்தரியின் சுகத்துக்கும் எழுதவும்.

உன் மாமா சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன கோடையில் வந்த இருமல் இன்னும் விட்டபாடில்லை. கம்பெனி டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த ஆள் இனிமேல் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மேலே விளக்கு துடைக்கிற அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். தயவுக்குக் கொடுத்த வேலை, எத்தனை நாளைக்கோ தெரியாது. வேலை போனால் கம்பெனி கொடுத்த இந்த லைன் வீடும் போகும். ஊரெல்லாம் மந்தம் மந்தம் என்கிறார்கள். தங்கத்துக்கு ஒரு மந்தமும் இல்லை, தோண்டி எடுக்கிறவனுக்குத்தான் மந்தம்.

தம்பி, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். வருகிற உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஆம்பூருக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறோம். அப்பா வீட்டை நம் இருவர் பேரிலும்தானே எழுதினார். பின்னறை எங்களுக்குப் போதும், பிள்ளையா குட்டியா. அந்த அறை பூராவும் நீ நாற்றம் பிடித்த பானைகளை அடுக்கி வைத்திருப்பதாகச் சுந்தரி எழுதியிருந்தாள். பானையைத் தூக்கி வெளியே வை, சுண்ணாம்பு அடித்து வை. எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது.

மாமா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
அமிர்தவள்ளி


ஆம்பூர்
20-9-1931

மகா அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தேவசகாயம் தோத்திரம் சொல்லி எழுதியது. நானும் சுந்தரியும் சுகம். மாமாவின் சுகத்துக்கு மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

வருவதற்கு என்னிடம் கேட்க வேண்டுமா? அது உன் வீடு. ஆனால் அந்த நாற்றம் பிடித்த பானையைப் பற்றி ஏளனம் பேசாதே. அதுதான் இப்போது நம் குடும்பத்தைத் தூக்கப் போகிறது.

அப்துல் சமத் சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் பாதி ஆட்களை நிறுத்திவிட்டார்கள், அதில் நானும் ஒருவன். சீமையில் தோல் விலை விழுந்துவிட்டதாம். சும்மா உட்கார முடியாமல், தோலைச் சுரண்டி எறிகிற சவ்வை வாரிக்கொண்டு வந்து, மரம் ஒட்டுகிற வஜ்ஜிரம் காய்ச்ச ஆரம்பித்தேன். நாட்டு வஜ்ஜிரம் கறுப்பாய், மண்ணாய் இருக்கும், தெரியுமே. சவ்வில் ஊறின சுண்ணாம்புதான் காரணம். தோலுக்குச் சுண்ணாம்பு எடுக்க நாங்கள் புளித்த தவிட்டுத் தண்ணீரில் போடுவோமே, அதையே சவ்வுக்கும் செய்து பார்த்தேன். அக்கா, தேன் மாதிரி இறங்கிற்று! காய்ந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் சுந்தரி முகம் தெரிகிறது. வேலூரில் பீரோ செய்கிற ஆசாரி, சீமை வஜ்ஜிரம் என்றே நினைத்து வாங்கினான்.

பட்டணத்திலிருந்து கைத்தொழில் அதிகாரி ஒருவர் ஷாப்பைப் பார்க்க வந்தார். என் துண்டை வாங்கி மோந்தார், கடித்தார், ஒடித்தார். "மந்த காலத்தில் புதுசாக ஒன்று செய்கிறவனுக்கென்றே சர்க்கார் உதவி இருக்கிறது. நீ ஏன் மனுப் போடக் கூடாது?" என்றார். ரொக்கம் கையில் கொடுக்க மாட்டார்கள். பாய்லரும் உலர்த்துகிற சட்டங்களும் கொடுப்பார்கள். அவற்றை வைக்கச் சொந்த இடம் வேண்டும், அந்த இடத்தை ஈடாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு நம் இருவர் பேரில் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். இன்னும் சில்லறை நிபந்தனைகள் இருக்கின்றன, அதெல்லாம் பெரிய விஷயமில்லை.

மனுவையும் மாமா பார்க்க ஒரு வஜ்ஜிரத் துண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மாமாவையும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடு.

உன் தம்பி,
தேவசகாயம்


கோலார் தங்கவயல்
1-10-1931

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். நான் சுகம். மாமாவுக்கு இருமல் இரண்டு நாள் கம்மி, இரண்டு நாள் ஜாஸ்தி.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நீ வைத்த துண்டை மாமா ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "மச்சான் கெட்டிக்காரன்டி, நம்ம கம்பெனி வெள்ளைக்காரன் தோத்தான்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டியாயிற்று. எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. சின்ன வயசில் சோற்றுப் பானையில் சோப்புக் காய்ச்சி அம்மாவிடம் அடி வாங்கினவன்தானே நீ.

பின்னறையைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. பாய்லர் எங்கே நிற்கும்? நாங்கள் எங்கே படுப்போம்? மாமாவுக்குப் புகை ஆகாது. சில்லறை நிபந்தனை என்றாயே, அது என்ன? பதில் தபாலில் எழுது.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
14-11-1931

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். சுகம். மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது?

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. பாய்லர் வந்துவிட்டது! ஸ்டேஷனிலிருந்து இரட்டை மாட்டு வண்டியில் கொண்டுவந்தோம். தெருமுனையில் சக்கரம் இறங்கிவிட்டது, ஷாப்பு ஆட்களே வந்து தோள் கொடுத்தார்கள். சாமியார் வந்து மந்திரித்தார். பின்சுவரை இடித்துத்தான் உள்ளே ஏற்ற முடிந்தது.

பின்சுவர் என்றால் உனக்குத் தெரியும், எந்த அறை என்று.

அக்கா, ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்தேன். நீ கேட்டும் எழுதவில்லை. நாற்றம் வீசுகிற தொழில் நடக்கிற இடத்தில் குடித்தனம் இருக்கக் கூடாது. இது நிபந்தனையில் முதலிலிருந்தே இருக்கிறது. அடுப்பு மூட்டக் கூடாது, பாய் போடக் கூடாது. நானும் சுந்தரியும்கூட வெளியே வந்துவிட்டோம். ஏரிக்கரைத் தெருவில் ஒரே ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மழை பெய்தால் சுவரோரம் சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சுந்தரி, "சொந்த வூட்ட இரும்புக்கு வுட்டுட்டு நாம இன்னா இங்க குந்திக்கினு இருக்கோம்?" என்று தினமும் கேட்கிறாள்.

மூன்று வருஷம் ஒப்பந்தம். அதுவரை தொழிலை நிறுத்தவும் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. முன்னமே எழுதியிருந்தால் நீ கையெழுத்துப் போடத் தயங்குவாயோ என்று பயந்தேன். தயங்கியிருக்க மாட்டாய் என்றும் தெரியும், அதனால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது. நீங்கள் வாருங்கள். இந்த அறையிலேயே எப்படியாவது நாலு பேரும் இருந்துகொள்ளலாம்.

தேவசகாயம்


கோலார் தங்கவயல்
25-11-1931

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். இருவரும் சுகம்.

உன் கடிதம் வந்தது. நடந்தது நடந்துவிட்டது. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்கடியில் வைத்துவிட்டு, அன்று முழுக்க உன்னை மனசுக்குள் திட்டினேன். மாமாதான், "பொழைக்கத் தெரிஞ்ச புள்ள, வுடு, கால்ல கயிறு கட்டாத" என்றார்.

இங்கே அவசரம் ஒன்றும் இல்லை. பாஸ்கு வரை வீட்டில் இருக்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அதற்குள் உன் தொழில் நிமிர்ந்தால் பக்கத்திலேயே எங்களுக்கு ஓர் அறை பார்த்துக் கொடு. ஒரே அறையில் இருமல்காரரோடு நாலு பேர் என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. சுந்தரியைக் கேட்காமல் எழுதியிருப்பாய்.

வஜ்ஜிரத்தை நன்றாகக் காய்ச்சு. இவ்வளவு கொடுத்தாயிற்று, தோற்றுப் போகாதே.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
27-12-1931

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் தோத்திரமும் திருநாள் வாழ்த்தும். நாங்கள் சுகம். திருநாளுக்குப் புதுத்துணி எடுக்கவில்லை, கோவிலுக்கு மட்டும் போய் வந்தோம்.

பேஜாராகிவிட்டது அக்கா. நேற்றுவரை சவ்வு குப்பை. "வாரிக்கினு போ சாமி, நாய் இழுக்குது" என்று என்னைக் கெஞ்சுவார்கள். பாய்லர் வந்த மறுவாரமே ஷாப்பு மானேஜர் நயீம் அகமது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"தேவசகாயம், நம்ம சவ்வுக்கு இப்ப மதிப்பு வந்துட்ச்சு. சர்க்காரே மிஷின் குடுக்குதுன்னா சும்மாவா? இனிமே விலைக்குத்தான்."

"பாய், குப்பைக்கு விலையா?"

"நீதானப்பா அத்த குப்பை இல்லேன்னு காட்டுன?"

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, ஆட்களுக்கு வாரக் கூலி கொடுக்கவே சாயபு வீட்டு நகை போகிறது என்கிறார்கள். சரி, விலை கொடுத்தே வாங்குவோம் என்றால் சவ்வே இல்லை. போன வாரம் ஊரில் இரண்டு ஷாப்பு மூடிவிட்டார்கள். தோல் வந்தால்தானே சுரண்டுவதற்கு.

இதில் பொங்கல் கழித்து அதிகாரி சோதனைக்கு வருகிறார். ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பாய்லர் கொதிக்க வேண்டும், மனுப் போட்டவன் நேரில் நிற்க வேண்டும். கொதிக்காவிட்டால் உதவி ரத்து, ஈடு வைத்த வீட்டை எடுத்துக்கொள்வார்கள். பேரணாம்பட்டுப் பக்கம் கால்நடையாகப் போய் வீடு வீடாகச் சவ்வு பொறுக்குகிறேன். செக்கு மாடாவது சாயங்காலம் அவிழ்த்து விடப்படும். எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

மாமாவின் உடம்பைப் பற்றி விவரமாக எழுது.

தேவசகாயம்


கோலார் தங்கவயல்
27-1-1932

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். நான் சுகம்.

சோதனை எப்படி முடிந்தது? அன்று காலையிலிருந்து இதே நினைப்புத்தான். பாய்லர் கொதித்ததா? அதிகாரி திருப்தியாகப் போனாரா? உடனே எழுது. அது நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

இங்கே எழுத ஒன்றும் இல்லை. பனி அதிகம். கோவிலில் ஒரு பூசை வைத்தேன். சுந்தரியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
2-2-1932

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். சுகம். நீ மாமாவைப் பற்றி எழுதவே இல்லை. கோபமா, மறந்தாயா?

சோதனையில் ஜெயித்தேன்! பொறுக்கின சவ்வெல்லாம் சேர்த்துப் பாய்லரில் கால் பாகம்தான் வந்தது. தண்ணீரை ஊற்றிக் கொதிக்க விட்டேன், ஆவி வீடு முழுக்க நிறைந்துவிட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனார். பழைய துண்டுகளைக் காட்டினேன், "பேஷ், பேஷ்" என்றார். மனுவில் முத்திரை வைத்தாயிற்று.

அதைக் கேட்டுச் சுந்தரி அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தேன். "இன்னும் மூணு வர்ஷம் கட்டிப் போட்டுட்டாங்களே" என்றாள். அவள் சொன்னது மறுவாரம்தான் எனக்கு உறைத்தது. சமத் சாயபு ஷாப்பும் மூடியாயிற்று. ஊரில் சுண்ணாம்புக் குழியெல்லாம் காய்ந்து கிடக்கிறது. எதைக் காய்ச்ச? பாய்லரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேலூர் கைத்தொழில் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். குமாஸ்தா சிரித்தார். "ஜெயிச்சவன் யாராவது திருப்பிக் குடுப்பானா? திருப்பணும்னா வீட்டோட திருப்பணும்" என்றார். ஓட்டவும் வழியில்லை, விடவும் வழியில்லை.

திரும்பும்போது குமாஸ்தாவே கூப்பிட்டு ஒன்று சொன்னார். சர்க்கார் சாமானைப் பாதுகாக்கக் காவலுக்கு ஓர் ஆள் மட்டும் அங்கே தங்கலாமாம். சம்பளம் கிடையாது, பேரை எழுதிக் கொடுத்தால் போதும். பாய்லர் அணைந்து கிடப்பதால் இப்போது புகையும் இல்லை. அக்கா, மாமா பேரை எழுதட்டுமா? நீ எங்களோடு அறையில் இரு, பகலில் போய் அவரைப் பார்த்துக்கொள்ளலாம். மாமனார் வீட்டுக்கே காவல்காரராக வா என்று மாமாவைக் கூப்பிடக் கூசுகிறது. இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவரிடம் பக்குவமாகக் கேட்டு எழுது.

தேவசகாயம்


ஆம்பூர்
25-2-1932

அக்கா,

தோத்திரம். சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

உன் பதிலுக்குக் காத்துக் காத்துப் பார்த்தேன். நேற்று தங்கவயலிலிருந்து நம் தெருக் கோவிந்தசாமி வேலை போய் ஊர் திரும்பினான். என்னைக் கண்டதும் துக்கம் விசாரிக்கிறவன் மாதிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "மாமா சாவுக்கு நீ ஏம்பா வரல?" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த மாமா என்று கேட்டேன் அக்கா. எந்த மாமா என்று கேட்டேன்!

ஜனவரி 18 ராத்திரி உயிர் போயிற்றாம். 19-ம் தேதி அடக்கம். நான் இங்கே வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதிகாரியிடம் பல்லை இளித்துக்கொண்டிருந்த அதே நாள். தாலி அறுத்தவளுக்குத் தாய்வீட்டுக் கோடிச் சேலை எங்கே, கூடப்பிறந்தவன் எங்கே என்று பொம்பளைகள் கேட்டார்களாம். நீ "வழியில் வர்றான்" என்றாயாம். கடைசிவரை யாரையும் கோடி போட விடவில்லையாம். நிஜமா?

ஒரு தந்தி அடிக்க உனக்குக் கை வரவில்லையா? அதிகாரி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான், போகட்டுமே! வீடு போயிருக்கும், போகட்டுமே! அந்த ஆள் என்னை மச்சான் மச்சான் என்று தோளில் தூக்கினவர். அவருக்கு ஒரு பிடி மண் போடக் கொடுத்து வைக்காத பாவியாக என்னை ஆக்கிவிட்டாய். அதற்குப் பிறகும் ஒரு கடிதம் எழுதினாய், பாய்லர் கொதித்ததா என்று. உன் மேல் எனக்குக் கோபம் தாங்கவில்லை. கோபப்படுகிற பாத்தியதையும் எனக்கு இல்லை. நான் முதலில் மறைத்தேன், நீ அதற்குமேல் மறைத்துவிட்டாய்.

சுந்தரி அழுதுகொண்டே இருக்கிறாள். உடனே புறப்பட்டு வரட்டுமா? ஒரு வரி எழுது.

தேவசகாயம்


கோலார் தங்கவயல்
4-3-1932

என் அன்புள்ள தம்பி தேவசகாயத்துக்கு அக்காளின் ஆசீர்வாதம். நான் சுகம். நிஜமாகவே சுகம், பயப்படாதே.

நீ திட்டினது நல்லதாயிற்று. இத்தனை நாளும் எனக்கு அழுகை வரவில்லை, உன் கடிதத்தைப் படித்துத்தான் வந்தது.

தந்தி அடிக்கத்தான் போனேன். தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போனேன். உனக்குக் கிடைத்தால் கட்டின துணியோடு ரயிலேறுவாய் என்று எனக்குத் தெரியும். வீடு போகும். வீடு போனால் நீயும் சுந்தரியும் தெருவில், நானும் தெருவில். செத்தவர் எழுந்து வரப் போகிறாரா? கடைசி வாரத்தில் மாமாவே இரண்டு தடவை கேட்டார், மச்சானுக்குச் சோதனை என்றைக்கு என்று. செவ்வாய்க்கிழமை என்றேன். "அதுவரைக்கும் எனக்கு ஒண்ணுன்னாலும் சொல்லாத" என்றார். அவர் சொன்னதற்காகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கே அப்படித்தான் பட்டது. தப்பு என்றால் என் தப்பாகவே இருக்கட்டும்.

உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். மாமாவிடம் பக்குவமாகக் கேட்கச் சொல்லியிருந்தாய். நானும் அவர் தட்டு வைக்கிற இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.

லைன் வீட்டை இந்த மாதக் கடைசியில் விட்டுவிட வேண்டும். பாத்திரங்களைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். கோடி உன் கையால்தான் வாங்குவேன், வந்த பிறகு போடு. நல்ல சேலையாக எடுக்கிறேன் என்று எங்கேயும் கை நீட்டாதே, சாதாரண வெள்ளை போதும்.

காவல்காரர் இடத்தில் வேறு எவனையும் போடாதே. என் பேரை எழுதிக் கொடு. பொம்பளை எப்படிக் காவல் இருப்பாள் என்று குமாஸ்தா கேட்டால், வீட்டுக்காரியைவிட எந்த ஆம்பளை நன்றாகக் காவல் இருப்பான் என்று கேள். அடுப்பு மூட்ட மாட்டேன், சுந்தரி இரண்டு வேளையும் தூக்கில் கொண்டுவந்து கொடுக்கட்டும். பாய் போடக் கூடாது என்றால் வெறுந்தரையில் படுத்துக்கொள்கிறேன். மூன்று வருஷம்தானே.

வருகிற இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியான வண்டிக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. நீ கிளம்பி வந்த நேரம் பார்த்து எவனாவது பாய்லரைப் பார்க்க வந்து நிற்பான். வீட்டுக்கு எனக்கு வழி தெரியும்.

உன் அக்காள்,
அமிர்தவள்ளி